கூட்டத்தில் முடிவு செய்யப்பட்டது

சென்ற வாரம் எங்கள் துறையில் நடந்த ஆய்வரங்கில் ஒருவர், இணையக் குழுக்கள் நேரில் சந்தித்துக்கொள்ளும்போதுதான் உண்மையான சமூகமாகின்றன என்று பேசினார். அரங்கில் பலர் தலையசைத்தனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. மறுப்பதற்கான சான்றும் கைவசம் இருந்தது. ஆனால் அந்தச் சான்றில் என் பிழையும் கலந்திருந்ததால் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். பதிவு நீளமானது, நேரமுள்ளோர் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

முதுகலை முடித்த ஆண்டிலிருந்து ஒரு கலைச்சொல் குழுவில் இயங்கிவருகிறேன். தமிழ்வழியில் பயிலும் கல்லூரி மாணவர்களுக்காக மொழியியல், புவியியல் கலைச்சொற்களையும் அயல்நாட்டுப் பெயர்களின் தமிழ் வடிவங்களையும் திரட்டித் தரும் தன்னார்வக் குழு அது. பெயர் இங்குத் தேவையில்லை. பட்டியலில் ஏறத்தாழ நூற்று நாற்பது பேர் உண்டு. தொடர்ந்து எழுதுவோர் இருபது பேருக்கு மேல் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பதிவு, பதிவின் கீழே விவாதம், விவாதத்தின் கீழே முடிவு, முடிவுக்கான காரணம். ஐந்தாண்டுகள் அப்படித்தான் நடந்தது. அந்த ஐந்தாண்டுகளில் எங்களுள் எவரும் எவரையும் பார்த்ததில்லை. 2023 நவம்பரில் பெங்களூரில் முதன்முறையாகக் கூடினோம்.

அதற்கு முன் நாங்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்த மொழியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இரட்டை வழக்கு பற்றிய சார்லஸ் ஃபெர்குசனின் 1959ஆம் ஆண்டுக் கட்டுரையை மொழியியல் மாணவர் அனைவரும் படித்திருப்பர். உயர் வழக்கைப் பள்ளியில் கற்கிறோம். வீட்டில் எவரும் அதைப் பேசுவதில்லை என்பது அவர் காட்டும் இயல்புகளுள் ஒன்று. அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்ட்டியின் கிரியோல் ஆகிய நான்கையும் அவர் விரிவாக எடுத்துக்கொண்டார். தமிழுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதைப் பிற்காலத்தில் பிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் ஒரு நூலாகவே எழுதினார். இவற்றைத் தேர்வுக்காகப் படித்தபோது எனக்குத் தோன்றாத ஒன்று, இக்குழுவில் எழுதத் தொடங்கியபின் தோன்றியது. எவருடைய வீட்டுமொழியும் அல்லாத ஒரு மொழியில் பேசிக்கொள்வதில் ஒரு வசதி இருக்கிறது. "வந்துகொண்டிருக்கிறேன்" என்று நான் எழுதினால் நான் எந்த மாவட்டம், எந்தத் தெரு, ஆணா பெண்ணா, எத்தனை வயது என்பது எதுவும் அதில் இல்லை. அதையே வாய்விட்டுச் சொன்னால் பாதி வரலாறு வெளியே வந்துவிடும்.

இதைச் சமத்துவம் என்று சொல்லிவிடத் துணியமாட்டேன். எழுத்துத் தமிழைத் தயக்கமின்றிக் கையாளும் அளவுக்குப் பள்ளி யாருக்கு வாய்த்தது என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. பிழைக்கு அஞ்சி எழுதாமல் இருக்கும் நூற்றிருபது பேர் எங்கள் பட்டியலிலேயே இருக்கின்றனர். ஆயினும் எழுதுகிறவர்களிடையே ஒரு விதமான சமதளம் இருந்தது. எல்லோரும் எல்லோருக்கும் "நீங்கள்". மூன்றாமவரைக் குறிக்க "அவர்". தமிழின் "அவர்" அருமையான சொல். குழுவில் அயற்பெயர் வடிவங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு புனைபெயரில் எழுதினார். அவர் ஆணா பெண்ணா என்பது எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஐந்தாண்டுகள் அவரோடு உரையாட அது தெரிந்திருக்க வேண்டிய தேவை ஒருமுறைகூட எழவில்லை.

பெங்களூர்க் கூட்டத்துக்குப் பதினொருவர் வந்தோம். நான் ஹைதராபாத்திலிருந்து இரவு ரயிலில் போனேன். ஒரு நண்பரின் அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் அறை, நீண்ட மேசை, சுவரில் வெள்ளைப் பலகை. முதல் அரைமணி நேரத்தில் நடந்தது என்ன என்பதைப் பின்னால்தான் எண்ணிப் பார்த்தேன். விளிச்சொற்கள் மாறிவிட்டன. ஓய்வு பெற்ற ஆசிரியர் "ஐயா" ஆனார். மென்பொருள் நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருப்பவர் "சார்" ஆனார். நாற்பது வயதுக்காரர்கள் "அண்ணா" ஆயினர். நான் "ஏம்மா" ஆனேன். பெயரோடு "அவர்களே" சேர்த்து எழுதியவர்கள்தாம் இவர்கள். கெட்ட எண்ணம் எவருக்கும் இல்லை. ஆனால் அதே மூச்சில், "ஏம்மா, நீயே மினிட்ஸ் எழுதிரு" என்ற வேண்டுகோளும் வந்தது. அறையில் பெண்கள் இருவர். மற்றவர் தேநீர் எடுத்துவரப் போயிருந்தார்.

பிறகு ஊர். "எந்த ஊரு நீங்க?" "விருதுநகர்ப் பக்கம்." "பக்கம்னா?" ஓர் ஊர்ப் பெயர். "அங்க எந்தத் தெரு? எனக்கு அங்க சொந்தக்காரங்க இருக்காங்க." இந்தக் கேள்விவரிசை எங்கே போகும் என்பது தமிழர் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. கேட்டவர் அன்போடுதான் கேட்டார். கேட்கப்பட்டவர் எழுந்து தண்ணீர் குடிக்கச் சென்றார். ஐந்தாண்டுகளாக அந்த இருவரும் வேர்ச்சொற்களைப் பற்றி நாள்தோறும் எழுதிக்கொண்டவர்கள். கூட்டத்துக்குப் பின் அவர்களிடையே உரையாடல் குறைந்துவிட்டது. வேறு காரணமும் இருக்கலாம், நான் கேட்கவில்லை.

இப்படி எழுதுவதால் நேர்ச்சந்திப்பே வேண்டாம் என்பவளாக என்னை எண்ணிவிடக் கூடாது. அன்று எனக்குக் கிடைத்த இரண்டு நன்மைகளை எதற்காகவும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

முதலாவது, அந்த ஆசிரியர். குழுவில் அவருடைய பதில்கள் எல்லாம் "சரியன்று." "முன்பே பேசியாயிற்று." "பதிவு 14 காண்க." என்ற அளவிலேயே இருக்கும். நான் தொடக்கத்தில் எழுதிய மூன்று பதிவுகளுக்கும் "சரியன்று" என்றே மறுமொழி வந்தது. இரக்கமற்ற மனிதர் என்று முடிவு கட்டியிருந்தேன். ஜோசப் வால்தர் 1996இல் எழுதிய கட்டுரை ஒன்று, எழுத்தால் மட்டும் அறிமுகமானவர்கள் நேரில் அறிந்தவர்களைவிடவும் நெருக்கமாகத் தோன்றக்கூடும் என்கிறது. எழுதுகிறவர் தம்மில் காட்ட விரும்புவதை மட்டும் காட்டுகிறார், வாசிப்பவர் விடுபட்டவற்றை நல்லெண்ணத்தால் நிரப்பிக்கொள்கிறார். நானோ விடுபட்ட இடங்களையெல்லாம் சினத்தால் நிரப்பி வைத்திருந்தேன். நேரில் பார்த்தால் எழுபது வயதைக் கடந்தவர், மெல்லிய குரல், கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தவர். கைப்பேசியில் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டுவார். ஒரு வரிக்கு மேல் எழுதினால் கண் வலிக்கும். துணிப்பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் விவாதங்கள் முழுவதையும் ஊரில் உள்ள ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துச் சுருள்கம்பியிட்டுக் கொண்டுவந்திருந்தார். என் முதல் மூன்று பதிவுகளின் ஓரத்திலும் பென்சிலால் பக்கம் பக்கமாகக் குறிப்புகள். எழுத இயலாததையெல்லாம் அங்கே எழுதியிருந்தார். அந்தக் கட்டைப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் அவரை வாழ்நாள் முழுதும் தவறாகவே நினைத்திருப்பேன்.

இரண்டாவது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பெங்களூரில் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்த இளைஞர். எங்கள் குழுவில் நெடுநாள் தீராத வழக்கு ஒன்று உண்டு. கனடாவின் பெருநகரை நாங்கள் "டொராண்டோ" என்போம். அவர் "ரொறன்ரோ" என்பார். எங்கள் "டிக்கெட்" அவருக்கு "ரிக்கெற்". "ரொறன்ரோ" என்ற வடிவத்தைத் தமிழகத்தார் கண்ணால் வாசித்தால் ரகரமும் றகரமும் உருண்டோடும் ஏதோ ஓர் ஊராகத் தோன்றும், சிரிப்பு வரும். எங்களுள் சிலர் சிரிக்கவும் செய்தனர், எழுத்திலேயே. அவர் சளைக்காமல் நீண்ட மறுமொழிகள் எழுதுவார். எனக்கு ஒலியியல் தெரியும். ஆங்கிலத்தின் அவ்வொலி மேற்பல்லுக்குப் பின்னுள்ள ஈற்றில் நுனிநா படுவதால் பிறப்பது, நம் டகரமோ நாவை மடக்கி மேலே கொண்டு செல்வது என்பதைத் தேர்வில் எழுதியவள் நான். ஆனாலும் காதில் விழவில்லை.

அன்று அவர் "காற்று" என்று சொன்னார். தமிழகத்தில் நாம் அதைக் "காத்து" என்போம். மேடையில் றகரத்தைத் தனித்துக் காட்ட முயன்று ஏறத்தாழ "காற்ட்ரு" என்போம். அவர் சொன்னதில் இரண்டுமில்லை; நுனிநா ஈற்றில் ஒட்டி நின்று விடுபட்ட தூய வல்லொலி. பழைய இலக்கணங்கள் றகரத்துக்குச் சொல்லும் இடம் எதுவோ அங்கேயே அந்த ஒலி அவர் வாயில் இருந்தது. பிறகு கனடா நகரின் பெயரைச் சொன்னார். ஆங்கிலேயர் சொல்வதற்கு எங்கள் வடிவத்தைவிட அது மிக நெருக்கமாக இருந்தது. அவருடைய எழுத்து முறையில் சொல்லின் முதலில் வரும் ரகரமும் னகரத்தை அடுத்த ரகரமும் அந்த ஈற்றொலியைக் குறிக்கின்றன. இடையில் வரும் றகரந்தான் நாம் நினைக்கும் ற. தம் நாவில் உயிரோடு இருக்கும் ஒலியை, கையில் இருக்கும் எழுத்தைக் கொண்டு எழுதியிருக்கிறார்கள். நமக்கு அந்த ஒலி போய்விட்டதால் டகரத்தைப் பிடித்துக்கொண்டோம். எட்டு மாத விவாதம் எட்டு விநாடிகளில் விளங்கிற்று. ஆசிரியர் அவரை மீண்டும் மீண்டும் சொல்லச் சொல்லிக் கேட்டு, பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார். மேசையைச் சுற்றி எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியில் ஒருவர், "தெனாலி படத்துல வர்ற மாதிரி ஒரு டயலாக் பேசுங்க தம்பி" என்றும் கேட்டார். அவர் புன்னகைத்தார். பேசவில்லை.

இனி, நான் சொல்ல வந்தது.

ஒரு கல்லூரி எங்கள் தொகுப்பிலிருந்து சிறு கையேடு கேட்டிருந்தது. சனவரிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். அயற்பெயர்களை எப்படித் தருவது என்பது முடிவாகாமல் இருந்தது. புனைபெயரில் எழுதிய அந்த உறுப்பினர் மூன்று மாதம் உழைத்து, 412 பெயர்களுக்கு இருநாட்டு வழக்குகளையும் இணைவைத்துப் பட்டியல் ஒன்றை ஆயத்தம் செய்திருந்தார். இரண்டுக்கும் அகரவரிசையில் தனித்தனி இடம், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சுட்டு, எதுவும் முதன்மையன்று. அதற்கான காரணங்களைப் பதினேழு குறிப்புகளாக எழுதியும் வைத்திருந்தார். யாழ்ப்பாண இளைஞர் அதை வரிக்கு வரி ஆதரித்து எழுதியவர்.

மதிய உணவுக்கு அருகிலிருந்த உணவகத்துக்குப் போனோம். சாப்பிட்டுக்கொண்டே பேச்சு அங்கே திரும்பியது. பக்கம் கூடும், செலவு கூடும், மாணவர்கள் குழம்புவர் என்றார் ஒருவர். கையேட்டை வாங்குவோர் தமிழகத்தார்தாமே என்றார் மற்றவர். ஒரே தலைச்சொல், தமிழக வடிவம். ஈழ வடிவங்களைப் பின்னிணைப்பில் தொகுத்துவிடலாம் என்று "சார்" ஒரு வழி சொன்னார். அருகில் அமர்ந்திருந்த அந்த இளைஞரின் தோளில் கைவைத்து, "என்ன தம்பி, உங்களுக்கு ஓகேதானே?" என்று கேட்டார். இளைஞர் இலையைப் பார்த்தபடி, "ஓம் அண்ணை, பரவாயில்லை" என்றார். புனைபெயர் உறுப்பினர் ஒப்புக்கொள்வாரா என்று யாரோ கேட்டதற்கு, "லேடீஸ்தான்னு நினைக்கிறேன், எழுத்தைப் பார்த்தாலே தெரியுது, ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றார் இன்னொருவர். பாயசம் வந்தது. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

நான் குறிப்பேட்டில் எழுதினேன்: "அயற்பெயர்களுக்கு ஒரே தலைச்சொல். ஈழ வடிவங்கள் பின்னிணைப்பில். கூட்டத்தில் ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது."

அந்த "ஒருமனதாக" என்னுடைய சொல். எவரும் எழுதச் சொல்லவில்லை.

மறுநாள் குழுவில் பதிவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் புனைபெயர் உறுப்பினர் ஒரே ஒரு வரி கேட்டிருந்தார்: காரணங்கள் எங்கே பதிவாகியுள்ளன? நான் எழுதிய மறுமொழியும் ஒரே வரி: கூட்டத்தில் விரிவாக விவாதித்து முடிவு செய்யப்பட்டது. அது பொய். விரிவான விவாதம் நடக்கவில்லை, நடந்ததும் விவாதமன்று. அதன்பின் அவர் எழுதவில்லை. சில வாரங்களுக்குப் பின் பார்த்தபோது உறுப்பினர் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. கூட்டத்துக்கு அழைத்தபோது "வர இயலாது" என்று மட்டும் எழுதியிருந்தார். ஏன் என்று எவரும் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்பதே நாகரிகம். ஆனால் வர இயலாதவர் ஒருவர் இருக்கிறார் என்பதை நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் தெரிய வேண்டியதில்லை.

கையேடு வெளிவந்த பிறகு அந்த இளைஞருக்குத் தனியாக எழுதிக் கேட்டேன், உண்மையிலேயே உடன்பட்டீர்களா என்று. அவருடைய மறுமொழி ஒரு பக்கத்துக்கு மேல் நீண்டது. உடன்படவில்லை என்பதே அதன் சாரம். பதினொருவருள் வயதில் இளையவர், விருந்தாளி போன்றவர், சாப்பாட்டுக்குக் காசும் கொடுக்கவிடாத அண்ணன்மாருக்கு நடுவே, தோளில் ஒரு கை இருக்கும்போது மறுப்பை எந்தச் சொல்லால் சொல்வது என்று கேட்டிருந்தார். எழுத்தில் எங்கள் எல்லோரையும் எதிர்த்து எட்டு மாதம் நின்றவர் அவர். ஒரு மேசையில் ஒரு நொடியில் பணிந்தார். காலையில் அவருடைய ஒலியைக் கேட்டு வியந்த நாங்களே மதியம் அதைப் பின்னிணைப்புக்கு அனுப்பினோம். அதற்கு அவருடைய மரியாதையையே சான்றாகக் காட்டினோம்.

இதை அவருடைய கூச்சம் என்றோ எங்கள் குழுவின் குறை என்றோ ஒதுக்கிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. விளிச்சொற்களிலும் முன்னிலைப் பெயர்களிலும் அதிகாரமும் தோழமையும் எவ்வாறு பின்னியிருக்கின்றன என்பதை ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960இல் ஐரோப்பிய மொழிகளைக் கொண்டு காட்டினர். யாழ்ப்பாணத் தமிழில் நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் வழங்குகின்றன. தமிழகத்தில் உறவுப்பெயர்களே அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடுகின்றன. ஒருவரை "அண்ணா" என்று அழைத்துவிட்டால் அவரோடு மாறுபடுவது கருத்து வேறுபாடு அன்று. உறவில் விழும் கீறல். பெங்களூருக்குப் பிறகு எங்கள் குழுவின் எழுத்தையே கவனித்தேன். எண்ணிக் கணக்கிடவில்லை, கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். "உங்கள் சான்று போதாது" என்ற தொடரின் இடத்தில் "அண்ணா சொல்வதும் சரிதான், ஆனாலும்..." என்று தொடங்கும் வாக்கியங்கள் வரலாயின. நேரில் வராதவர்கள் மட்டும் பழைய நடையிலேயே எழுதினர். அதனால் அவர்கள் முரட்டுத்தனமானவர்களாகத் தோன்றத் தொடங்கினர்.

நேர்ச்சந்திப்பே இணையச் சமூகத்தை மெய்யாக்குகிறது என்ற கருத்துக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. ஹோவர்ட் ரைங்கோல்ட் 1993இல் எழுதிய நூலை இத்துறையில் இருப்போர் அறிவர். அவர் பெரிதும் பேசுவது 1985இல் தொடங்கிய "வெல்" என்னும் கணினிவழிக் குழுவைப் பற்றி. அதன் உறுப்பினர்கள் விருந்துகளில் கூடினர், நோயில் உதவினர், துக்கத்தில் துணைநின்றனர். உண்மைதான். ஆனால் அவர்களுள் மிகப் பலர் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வாழ்ந்தவர்கள். தொலைபேசி வழியே இணைந்த அக்காலத்தில் உள்ளூர் அழைப்புக் கட்டணத்துக்குள் வசித்தவர்களுக்கே அது கட்டுப்படியாயிற்று. மாலையில் காரை எடுத்தால் போய்ச் சேர்ந்துவிடும் தொலைவில் இருந்தவர்களின் அனுபவத்தை நாம் பொதுவிதியாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். தென்கோடிச் சிற்றூரிலிருந்து பெங்களூருக்கு வரும் ஆசிரியருக்கு இரண்டு இரவுப் பயணம், ஒரு நாள் அறை வாடகை, துணைக்கு ஒரு பேரன். வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்பவருக்கு அந்த வழியும் இல்லை. "வெளியூரில் எவரோ தெரியாதவர்களைப் பார்க்கப் போகிறேன்" என்று வீட்டில் சொல்லிப் புறப்பட இயலாத பெண்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். எனக்கே அப்பயணத்துக்கு "கான்ஃபரன்ஸ்" என்ற சொல் தேவைப்பட்டது.

இச்சிக்கலை நன்கறிந்து விதி வகுத்தவர்கள் இருக்கின்றனர். வியப்பு என்னவென்றால், அவர்கள் சமூகவியலாளர்கள் அல்லர், பொறியாளர்கள். இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் இணையப் பொறியியல் பணிக்குழு ஆண்டுக்கு மூன்று முறை உலகின் வெவ்வேறு நகரங்களில் கூடுகிறது. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து விவாதிப்பார்கள். ஆனால் 1998இல் வெளியான அதன் 2418ஆம் எண் ஆவணம், மின்னஞ்சல் பட்டியலில் பேசப்படாத ஒன்றைப் பற்றியோ அங்கு எட்டிய கருத்துக்கு மாறாகவோ கூட்டத்தில் முடிவெடுத்தால் அதைப் பட்டியலில் மீண்டும் ஆய்வுக்கு வைத்தே ஆக வேண்டும் என்கிறது. அறையில் இருந்தோர் ஒப்புக்கொண்டனர் என்பது அங்கே போதுமான சான்றன்று.

டெபியன் இயங்குதளத்தை உருவாக்குவோரின் வழக்கமும் நினைவுக்கு வருகிறது. அவர்கள் ஆண்டுதோறும் கூடுகின்றனர். 2023 செப்டம்பரில் கொச்சியில் கூடினர். அவர்களுடைய சந்திப்புகளில் ஒருவர் முகத்தையும் அடையாளச் சான்றையும் நேரில் பார்த்து, அவருடைய மின்னணுச் சாவிக்கு மற்றவர் கையொப்பமிடும் சடங்கு உண்டு. நேரில் மட்டுமே எளிதாகச் செய்யக்கூடிய ஒன்றை நேரில் செய்கிறார்கள். எங்களுக்கு அத்தகைய ஒன்று "காற்று" என்ற சொல்லைக் கேட்டது. ஆசிரியரின் பென்சில் குறிப்புகளைப் பார்த்தது. எங்கள் பிழை, அத்தோடு நிற்காமல் எழுத்தில் செய்ய வேண்டியதையும் அங்கேயே செய்துமுடித்தது.

இதற்கு வரும் மறுப்பு எனக்குத் தெரியும், குழுவிலேயே சொன்னார்கள். எழுத்து விவாதம் முடிவதே இல்லை. பதினேழு குறிப்புகளை யார் வாசிப்பது? முகம் பார்த்துப் பேசினால் ஒரு மணி நேரத்தில் முடிகிறது. உண்மை, முடிகிறது. ஆனால் எவை விரைவாக முடிகின்றன என்று பார்க்க வேண்டும். பேச்சில் ஒருவர் தயங்குகிற இடத்தில் மற்றவர் வாக்கியத்தை முடித்துவிடுகிறார். எழுத்தில் தயங்கலாம், நாளை வந்து தொடரலாம். கண் தெரியாத ஆசிரியர் ஒற்றை விரலால் தட்டிய "சரியன்று" என்ற சொல்லைக் கடந்து போக எவராலும் முடிந்ததில்லை. அன்று உணவகத்தில் அவரும் இருந்தார். இரைச்சலில் பேச்சு சரியாகக் காதில் விழவில்லை என்று பின்னர்ச் சொன்னார்.

பெங்களூரின் கப்பன் பூங்காவில் 2023இல் தொடங்கிய அமைதி வாசிப்பைச் சிலர் அறிந்திருப்பீர்கள். அவரவர் நூலோடு வந்து, புல்தரையில் அமர்ந்து, பேசாமல் வாசித்துவிட்டுப் போகிறார்கள். இணையத்தில் செய்தி கண்டு வருவோரே மிகுதி. முன்பு இதை நகரத்து விளையாட்டு என்று கேலி செய்திருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. எவரிடமும் எந்த ஊர் என்று கேட்காமல் இரண்டு மணி நேரம் ஓரிடத்தில் சேர்ந்திருப்பதும் சந்திப்புதானே.

எங்கள் குழுவின் அடுத்த சந்திப்பு ஹைதராபாத்தில் நடக்கவிருக்கிறது. ஏற்பாடு என் பொறுப்பு. ஒலிப்பதிவு உண்டு, ஒவ்வொருவரும் தத்தம் ஊர் வழக்கில் நூறு சொற்களைச் சொல்வர். ஆசிரியரின் பென்சில் குறிப்புகளை ஒளிப்படம் எடுத்துத் தட்டெழுதி ஏற்றுவோம். எச்சொல்லைப் பற்றியும் முடிவெடுக்கமாட்டோம்; பேசியதைக் காரணங்களோடு எழுதிப் பட்டியலில் வைத்து, பதினான்கு நாள் திறந்து வைப்போம். குறிப்பெழுதும் பொறுப்பு சீட்டுக் குலுக்கலில். இவற்றைச் சிலர் அளவுகடந்த நடைமுறை என்கின்றனர். "சார்" கொஞ்சம் வருத்தப்பட்டார். அவரோடு எழுத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அயற்பெயர்ப் பதிவை மீண்டும் திறந்தாயிற்று. யாழ்ப்பாண இளைஞர் தம் மறுப்பைத் தம் பெயரிலேயே அங்கே எழுதியிருக்கிறார். 412 இணைகளும் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே, 2023 நவம்பரில் கேட்கப்பட்ட அந்த ஒருவரிக் கேள்வியும் இருக்கிறது. உணவகத்தில் யார் என்ன சொன்னார்கள், எதை எவரும் சொல்லவில்லை, "ஒருமனதாக" என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பவற்றை நினைவில் உள்ளவரை எழுதி, நேற்றிரவு அந்தக் கேள்விக்கு மறுமொழியாக இணைத்தேன். அவர் பார்ப்பாரா என்று தெரியாது.